உக்காராத பீடிங்

தேனியில் வண்டிக்குப் புது முன்கண்ணாடி மாட்டிக்கொண்டு திரும்பும்போது, சின்னமனூர் தாண்டுவதற்குள் பீடிங் கழன்றுவிட்டது. கழன்றது பேசாமல் ரோட்டில் விழுந்து தொலைந்திருக்கலாம். ஒரு முனை மட்டும் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு, மீதி முழுக்கக் காற்றில் ஆடி, கண்ணாடியைப் பட்டுப் பட்டென்று அடித்துக்கொண்டே வந்தது. ஓரம்கட்டி நிறுத்தி, அதைப் பிடுங்கிச் சுருட்டிப் பக்கத்து சீட்டில் எறிந்தேன். காலையில் அதை மாட்டிய கடைக்காரர், "இனி அசையாதுக்கா" என்று கண்ணாடியை ஓங்கித் தட்டிக் காட்டியிருந்தார்.

வண்டி பழைய ஜீப். குமுளி மலைப்பாதையில் முன்னால் போன லாரியின் சக்கரத்திலிருந்து தெறித்த கல், பழைய கண்ணாடியை உடைத்துவிட்டது. இந்த மாதிரி வண்டிகளில் முன்கண்ணாடியை ஒரு தடித்த ரப்பர்தான் சுற்றிப் பிடித்திருக்கும். அந்த ரப்பரின் வெளிப்பக்கம் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதற்குள் பீடிங் என்கிற பட்டையை அழுத்திச் செருகினால்தான் ரப்பர் இறுகிக் கண்ணாடியைக் கவ்வும். செருகாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கி ஓட்டுகிறவர் மடியில் சொட்டும். ஐப்பசி மழை, மடி என்னுடையது.

ஜீப் அப்பாவின் பெயரில் இருக்கிறது. வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து அவர் நாற்காலியோடு ஒடுங்கிய பிறகு ஓட்டுவது நான். எங்கள் திராட்சைத் தோட்டம் அனுமந்தன்பட்டிக்கு வெளியே, வாய்க்காலைத் தாண்டி, சின்ன வண்டிகள் மாட்டிக்கொள்ளும் மண் பாதையில் இருக்கிறது. பழப் பெட்டி, உர மூட்டை, மருந்தடிக்கும் டேங்க், பந்தலில் வேலைக்கு வரும் பெண்கள் எல்லாம் அந்த ஜீப்பில்தான் போய் வரும். அப்பாவைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான்.

என்னைப் பற்றிச் சொல்ல ஊரில் ஒரு வாக்கியம் எப்போதும் தயாராக இருக்கும். "போடியில கட்டிக் குடுத்தாக, வந்து உக்காந்துட்டா." புருஷன் வீடு வேண்டாம் என்று பிறந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்கு நம் ஆட்கள் கொடுத்திருக்கும் வினைச்சொல் அது. வந்த நாளிலிருந்து உட்கார எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா அந்தச் சொல்லை என்னிடம் சொன்னதில்லை. போனில் சொந்தக்காரர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான். சனி ஞாயிறானால் நண்பர்களோடு பழைய ஜீப்புகளில் காடு மலை என்று சுற்றும் பழக்கம் அவனுக்குப் புதிதாக வந்திருந்தது. நாங்கள் வயிற்றுப்பாட்டுக்கு ஓட்டுகிற பாதைகளை அவர்கள் ஆசைப்பட்டுத் தேடிப் போய் ஓட்டுகிறார்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் போனில் அப்பாவிடம் ஜீப்பைக் கேட்டான். அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. "வா, பாத்துக்கிருவோம்" என்றார்.

அந்த 'பாத்துக்கிருவோம்'தான் என்னைக் கெடுத்தது. கொடுக்கிறேன் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. 'அக்காவுக்கு வேணும்டா' என்று அவனிடம் நேரில் சொல்லலாம் என வைத்திருக்கிறாரோ என்று ஆசைப்பட்டேன். அந்த வண்டி என்னுடையது என்று அவர் வாயால் ஒரு தடவை வர வேண்டும், அவ்வளவுதான். கேட்டு வாங்குவது எனக்குப் பிடிக்காது. கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற திமிர் எனக்கு உண்டு.

அதனால்தான் தீபாவளிக்கு முந்தின நாள் பீடிங் வேலையைக் கொட்டகையில் செய்யாமல், அப்பாவின் நாற்காலிக்கு எதிரே வண்டியை நிறுத்திச் செய்தேன். இந்த வண்டியை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று எண்ணம். பெரிய புத்திசாலி என்று நினைப்பு.

சுருளாக வந்த பட்டை சுருளாகவே இருக்க ஆசைப்பட்டது. அதை வெயிலில் நீட்டிப் போட்டு, இரண்டு முனையிலும் செங்கல் வைத்துத் தளர்த்தினேன். பள்ளம் முழுக்க சோப்புத் தண்ணீர் தடவினேன். ரப்பரின் உதட்டை மழுங்கின ஸ்க்ரூ டிரைவரால் விலக்கிப் பிடித்து, கட்டை விரலால் பட்டையை அழுத்த வேண்டும். கீழ்ப்பக்கம் ஒழுங்காக இறங்கியது. பக்கவாட்டிலும் மோசமில்லை. மூலைக்கு வந்ததும் புத்தியைக் காட்டியது. இங்கே அழுத்தினால் அங்கே எழும்பும், அங்கே ஓடினால் இங்கே எழும்பும். ஒரு தடவை பாதிப் பட்டை ஒரே மூச்சில் உருவிக்கொண்டு வந்து என் முகத்தில் அடித்தது. வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

"உக்காந்துச்சா?" அப்பா கேட்டார்.

"உக்காரலப்பா."

"நீ அமுக்குனா உக்காராது. ஆம்பளக் கை வேணும்."

"அப்ப உங்க கையக் குடுங்கப்பா. அத வச்சு அமுக்கிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. நகம் கிழிந்து ரத்தம் சோப்புத் தண்ணீரில் கலந்து எரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். தெருவில் போன பக்கத்து வீட்டுக்காரி நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, தம்பி வர்றாகளாமே, கொண்டுபோறதுக்கு வண்டியத் தயார் பண்ணுறீகளாக்கும்?" என்றாள். ஸ்பீக்கரின் உபயம். "மழைக்கு" என்று மட்டும் சொன்னேன்.

மதியம் நெருங்கும்போது ஒரு சாண் அளவுதான் பாக்கி. ஓட்டுநர் பக்கத்து மேல் மூலை. பட்டையின் ஒரு விளிம்பு உள்ளே போய்விட்டது, இன்னொரு விளிம்பு வரமாட்டேன் என்று நின்றது. வெந்நீரில் துணியை நனைத்து அதன் மேல் போட்டேன். ரப்பர் இளகட்டும், இன்னொரு முறை வெந்நீர் கொண்டுவந்து ஒரே அழுத்தாக அழுத்திவிடலாம் என்று அடுப்படிக்குப் போனேன்.

திரும்பி வரும்போது தம்பி தோளில் பையோடு ஜீப்பின் முன்னால் நின்றிருந்தான். பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தான். அவனுக்குச் சொந்தமாகக் கார் இருக்கிறது. அது ஏன் கூட வரவில்லை என்று அந்த நிமிடமே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"என்னப்பா இது, ஈரத் துணி?" என்று கேட்டுக்கொண்டே துணியை எடுத்துவிட்டு, கட்டை விரலை அந்த மூலையில் வைத்தான். டக்கென்று ஒரு சத்தம். பட்டை உள்ளே போய்விட்டது.

அப்பா நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் எத்தனையோ காலமாகப் பார்க்கவில்லை. "பாத்தியா ஆத்தா! காலையில இருந்து நீயும் மல்லுக்கட்டுற. எம் மகன் கை பட்ட ஒடனே உக்காந்துருச்சு பாத்தியா!"

"அட இல்லப்பா, அக்காதான் எல்லாம் போட்டு வச்சிருந்துச்சு. நான் சும்மா தொட்டேன்" என்றான் தம்பி. அவன் நல்லவன். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியம்.

"ராசியான கைடா ஒனக்கு" என்றார் அப்பா.

கையில் வெந்நீர்ச் சொம்போடு நின்றேன். அதை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. செம்பருத்திச் செடியில் ஊற்றப் போய், சுடுதண்ணீர் என்று நினைவு வந்து, தெருச் சாக்கடையில் கொட்டினேன்.

சாப்பிடும்போது அப்பா முடிவைச் சொன்னார். "தீவாளி முடிஞ்சு கெளம்பயில வண்டியக் கொண்டுபோயிருடா. இங்கன நின்னு துருப்பிடிச்சுப் போகும்."

நிற்கிறதாம். அன்று விடியக்காலையில்தான் தோட்டத்துக்குப் போய் வந்த மண் அதன் டயரில் காயாமல் இருந்தது. என் திமிரை விழுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். "அப்பா, அந்த வண்டி எனக்கு வேணும்."

அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். கோபமே இல்லை. நிஜமாகவே புரியாமல், பாசமாகக் கேட்டார். "ஒனக்கு எதுக்கு ஆத்தா வண்டி? நீ எங்கன போகப்போற?"

தம்பி இலையைப் பார்த்துக்கொண்டே, "தோட்டத்துக்கு ஒரு லோடு ஆட்டோ பேசி விட்டுருவோம்க்கா" என்றான். வாய்க்காலைத் தாண்டி லோடு ஆட்டோ வராது என்பது அவனுக்கு மறந்துவிட்டிருந்தது. நான் ஞாபகப்படுத்தவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்தேன். அந்த இரண்டு பேர் முன்னால் அழுவதைவிட நடந்தே தோட்டத்துக்குப் போகலாம் என்று தோன்றியது. இப்போது அப்படித்தான் போகிறேன்.

தீபாவளிக்கு மறுநாள் அவன் கிளம்பினான். இரவெல்லாம் மழை பெய்திருந்தும் வண்டிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதையும் அவன்தான் அப்பாவிடம் சொன்னான். எங்கள் கேட் குறுகலானது, வெளியே தெருவும் குறுகல், எதிரே கரண்ட் கம்பம். நான் கிளப்பிக் கொடுத்த வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்து, இடித்துவிடுவோமோ என்று பயந்து பாதியிலேயே நின்றான். முன்னால் வந்தான், மறுபடி பின்னால் போனான். கடைசியில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அக்கா, நீயே ரோட்டு வரைக்கும் எடுத்துக் குடுத்துரேன்" என்றான்.

அவன் இறங்கினான், நான் ஏறினேன். அப்பா நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "பாத்து எடு ஆத்தா, எங்கனயாச்சும் உரசிப்புடாத. தம்பி கொண்டுபோற வண்டி."

எதிலும் உரசாமல் எடுத்து, தெருமுனை வரை ஓட்டிப் போய், பெங்களூர் போகிற திசையில் திருப்பி நிறுத்தினேன். எஞ்சினை மட்டும் அணைக்கவில்லை, ஓடவிட்டே இறங்கினேன். அணைத்துவிட்டால் அந்த வண்டியை மறுபடி கிளப்ப அவனுக்கு வராது. அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.