பெட்டி மட்டும் தெளிவாக

நாகர்கோவில் ஸ்டூடியோவில் கொடுத்த ஃபிலிம் ரோலின் படங்கள் இன்று வந்தன.

என் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவோடு வந்த பழைய லென்ஸில் எங்கள் வீட்டுக் கோழிகளை எடுத்திருந்தேன். ஒவ்வொரு இறகும் தெரிகிறது.

துபாய்க்குக் கிளம்பிய அப்பாவை மட்டும், இன்னும் நன்றாக வரும் என்று நம்பி, வேறு கேமராவின் லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டி எடுத்தேன். இந்த லீவில் அவர் படத்துக்கு நின்றது அந்த ஒரு தடவைதான்.

இந்தக் கேமராவின் வியூஃபைண்டரில் உருவம் இரண்டாகத் தெரியும்; இரண்டும் ஒன்றுசேர்ந்தால் ஃபோகஸ் சரி என்று அர்த்தம். அப்பாவின் இரண்டு உருவமும் சரியாக ஒன்றுசேர்ந்தன. அடாப்டர் லென்ஸில் அதை நம்பக்கூடாது என்று இன்றுதான் படித்தேன்.

அப்பாவின் முகம் மங்கல். பின்னால் கட்டி வைத்திருந்த பெட்டி அத்தனை தெளிவு.

அப்பா போனில் கேட்டார்: "படம் நல்லா வந்திருக்கா மக்கா?"

"பெட்டி நல்லா வந்திருக்குப்பா."

சிரித்தார். "சாரமில்ல மக்கா, அடுத்த லீவுக்கு எடுக்கலாம்."

அடுத்த லீவுக்குப் பழைய லென்ஸ்தான். அந்த லீவு எப்போது என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.