அண்ணி தன் பல்லில் போட்டுப் பார்த்த மருந்து

பல்லை வெளுக்க வைக்கும் அந்த நீல விளக்கு கடைக்குள் வந்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை. எதைப் பார்த்தாலும் மூக்கைச் சுளிப்பவள் என்று அண்ணி என்னைக் கேலி செய்வார். செய்யட்டும். அதை விற்க வந்தவன் வாய் ஓயாமல் பேசினான். ஒரு தடவைகூடத் தன் பல்லைக் காட்டிச் சிரிக்கவில்லை.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. பெண்களுக்கான அழகுக் கடை வைத்திருக்கிறார். நான் அங்கே தலை அலசுகிறேன், தரை கூட்டுகிறேன், வருகிறவர்களிடம் வாயும் கொடுக்கிறேன். கறுத்த முடியை வெளுக்க வைத்துச் சாயம் ஏற்றுவதில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆளில்லை. நிறம் ஏறவில்லையா, இன்னும் கொஞ்ச நேரம் ஊறவிடு. எரிகிறதா, மருந்து வேலை செய்கிறது. இதுதான் அவர் கற்ற தொழில். எந்த மருந்து வந்தாலும் முதலில் தன் உடம்பில் போட்டுப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்தவர் தலையில் கை வைப்பார். அந்த ஒரு குணத்துக்காகவே நான் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன்.

அவர் மகள், எங்கள் பாப்பா, வளர்ந்தும் எங்களுக்குப் பாப்பாதான். பெரிய ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசை வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குப் பல் சின்ன வயதிலிருந்தே மஞ்சள். நேர்காணலின் முதல் சுற்றில் ஒரு அம்மாள் அவளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பல்ல கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றாளாம். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

பல் டாக்டரிடம் அண்ணி போய்க் கேட்காமல் இல்லை. டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். முதலில் எக்ஸ்ரே எடுத்துச் சொத்தை, விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வெளுப்பு. ஈறை மூடிவிட்டு நாற்காலியிலேயே வைத்துச் செய்யலாம், செலவு அதிகம். இல்லையென்றால் பல்லுக்கு அளவெடுத்து உறை செய்து, லேசான மருந்தை வீட்டில் போட்டுக்கொள்ளலாம். செலவு குறைவு, நாள் பிடிக்கும். கூச்சம் தாங்க முடியவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

"தலைக்கு தடவுற அதே சரக்குதான். பல்லுன்னா மட்டும் ஆஸ்தியையே எழுதிக் கேக்குறாங்க" என்று திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணி பொருமினார். அடுத்த வாரம் வெளுப்பு மருந்தும் நீல விளக்கும் வந்தன.

வழக்கம்போல முதலில் தனக்குத்தான் போட்டுக்கொண்டார். சிரித்தால் தெரியும் மேல் பல் நான்குக்கு மட்டும். ஈறில் வாசலின் தடவி, மருந்தைப் பூசி, விளக்கை எரியவிட்டு, சொன்னதைவிடக் கூடுதல் நேரமே உட்கார்ந்திருந்தார். கழுவியதும் ஐஸ் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தார்.

"பாத்தியா? ஒரு சுளீர்கூட இல்ல. நீதான் சும்மா பயந்து சாகுற!"

பல்லும் வெளுத்துத்தான் இருந்தது.

பாப்பா உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே அவள் கால்விரல்கள் மடங்கின. "அம்மா, முடியலம்மா, ஊசி குத்துற மாதிரி இருக்கு."

"நான் போட்டுக்கலையா? எனக்கு வலிச்சுதா? கொஞ்சம் பொறுத்துக்கோடி, கண்ணு."

"அண்ணி, போதும், எடுத்துடுங்க" என்றேன்.

"நீ சும்மா இரு. பாதியில எடுத்தா திட்டுத்திட்டா நிக்கும்."

பாவம் அந்தப் பிள்ளை, அம்மா தாங்கியதைத் தன்னால் தாங்க முடியவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டது. அன்றிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடித்தாள். காற்று பட்டால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். ஈறின் ஓரம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அண்ணியோ பல்லின் நிறத்தை மட்டும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

இரண்டாம் சுற்றில் பாப்பா சிரித்தாள். வேலை கிடைத்துவிட்டது. வீடே தலைகால் புரியாமல் ஆடியது. அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? "சேர்றதுக்கு முன்னாடி இன்னும் ஒரு தடவை போட்டா பளிச்சுனு ஆயிடும்" என்றார் அண்ணி. இந்தத் தடவை இன்னும் அதிக நேரம் வைத்தார். பிள்ளை கத்தவில்லை, கண்ணில் மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

வேலைக்குச் சேர வேண்டிய அன்று காலையில் அவள் மேலுதடு வீங்கி மூக்கைத் தொட்டது. வலியில் சுவரைப் பிறாண்டினாள். அள்ளிக்கொண்டு அதே டாக்டரிடம் ஓடினோம்.

எக்ஸ்ரேயைப் பார்த்தவர் முகம் மாறியது. "முன்பல் ரெண்டுக்கும் நடுவுல சொத்தை ஒளிஞ்சிருக்கு. மருந்து அது வழியா உள்ள இறங்கியிருக்கு. யார் போட்டது?"

"நான்தான் டாக்டர்" என்றார் அண்ணி. குரல் இறங்கவில்லை. "ஆனா என் பல்லுல போட்டுப் பாத்துட்டுத்தான் போட்டேன். எனக்கு ஒண்ணுமே ஆகலையே!"

டாக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். பஞ்சில் எதையோ ஜில்லென்று பீய்ச்சி ஒவ்வொரு முன்பல்லிலும் வைத்தார்.

"கூசுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லையே."

"இந்த நாலுக்கும் எப்பவாவது நரம்பு எடுத்தாங்களா?"

"இவ கைக்குழந்தையா இருந்தப்போ பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். நாலையும் குடைஞ்சு அடைச்சு..." அண்ணி பாதியில் நிறுத்திவிட்டார்.

"அப்ப எப்படிம்மா உங்களுக்கு வலிக்கும்? அந்தப் பல்லுல உயிரே இல்லையே."

அண்ணி பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று சுவரைத் தடவினார்.

"இவளுக்கும் ரெண்டு பல்லுல நரம்ப எடுத்துதான் ஆகணும்" என்றார் டாக்டர். "வேற வழி இல்ல."

நாற்காலியில் சாய்ந்திருந்த பாப்பா கண்ணைத் திறந்தாள். குத்திக்காட்டத் தெரியாத பிள்ளை அது. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எடுத்துட்டா எனக்கும் உன்ன மாதிரியே வலிக்காதாம்மா?"