சுடுதண்ணிக் குழாய்க்கு வெட்டிய பள்ளம்

ஈர விறகின் புகை கண்ணைக் கரிக்கும். தொண்ணூறுகளின் மாரியில், முரசுமோட்டையில் எங்கள் குசினி அப்படித்தான் விடியும்.

என் மனைவி மணி சின்ன வகுப்பு ரீச்சர். முடக்குவாதம். காலையில் அவாவின் விரல்கள் வீங்கி விறைத்திருக்கும். சூடான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்தால்தான் மடங்கும், கரும்பலகையில் எழுதச் சோக் பிடிக்கலாம். விறகு பற்றாத நாளில் லீவுதான். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கண்ணில் காண்பதே அரிது...

அப்போது பாதியில் நின்ற கல்வீட்டைப் பூசிக்கொண்டிருந்தோம். சண்டைக்காலம், சீமெந்துக்கு அரசாங்கத் தடை. சுண்ணாம்பும் மணலும்தான்.

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயைத் திறந்தால் முதலில் சுடுதண்ணிதானே வரும்? விஞ்ஞான வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம். அதையே வீட்டில் செய்ய நினைத்தேன். உயரத்தில் தண்ணீர் நிரப்பிய கறுப்புப் பரல் ஒன்று, அதிலிருந்து குளியலறைக்குக் குழாய். பின்னேரம் பரலைச் சாக்கால் மூடினால் விடியும்வரை சூடு நிற்கும். காலம் நல்லதானால் அதே குழாயில் உண்மையான சோலார் ஹீட்டரைப் பூட்டலாம்.

சுவரில் பள்ளம் வெட்டச் சொன்னதும் மேசன் அருளப்பு சிரித்தார்.

"கரண்ட் இல்லாத ஊரில சுடுதண்ணிப் பைப்போ மாஸ்ரர்? அடுத்தது லிஃப்டோ?"

சம்பளம் எடுக்க வவுனியாவுக்குப் போனபோது குழாய் வாங்கினேன். பிளாஸ்ரிக் சூட்டில் இளகிவிடும், ஹீட்டர் பூட்டுவதென்றால் இரும்புதான் என்றார் கடைக்காரர். இரும்பையே எடுத்தேன்.

திரும்பும் வழியில், ஆமியின் சோதனைச் சாவடியில் மறித்தார்கள்.

"என்னத்துக்கு?"

"சுடுதண்ணிக்கு."

"உங்கட பக்கம் கரண்ட் இருக்கோ?"

"இல்லை. வெயில்..."

ரப்பர் குழாய் உதாரணத்தைப் பொறுமையாகச் சொன்னேன். மனைவியின் விரல்களையும் சொன்னேன். மொழிபெயர்த்தவர் சொல்லி முடிக்கமுதல் அவர்கள் சிரித்துவிட்டார்கள். தடைசெய்த பொருள் என்று பறித்த சாமான் குவியலில் என் குழாய் போய் விழுந்தது.

"சண்டை முடிஞ்சாப் பிறகு வந்து எடுக்கட்டாம், மாஸ்ரர்."

ஒரு ரீச்சரின் கை சூடாவதில் யாருக்கு என்ன ஆபத்து?

"பள்ளத்தை மூடிப் பூசட்டோ?" என்று அருளப்பு கேட்டார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

"விடுங்கோ, கிடக்கட்டும்" என்றா மணி.

கிடந்தது. பல்லி குடியிருந்தது. அவாவின் விரல்கள் ஒவ்வொரு மாரியிலும் இன்னும் கொஞ்சம் கோணின. எழுத்து பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று, ஓய்வு பெறும் வயதுக்கு முன்பே வேலையை விட்டா. பிறகு இடம்பெயர்ந்தோம். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது கூரை இல்லை. சுவர் நின்றது, பள்ளத்தோடு.

கூரை போட்டோம், ஊருக்குக் கரண்டும் வந்தது. போன கிழமை ஹீட்டர் வாங்கக் கிளிநொச்சிக்குப் போனோம். கடைத் தம்பி நல்ல பிள்ளை.

"சேர், இப்ப கரண்டில ஓடுறதை எடுங்கோ. டாங்கியில சோலாருக்கும் வழி இருக்கு. பிறகு பூட்டலாம்."

நான் தலையாட்டப் போனேன். மணி விடவில்லை.

"பிறகெண்ட கதை எனக்கு வேண்டாம் தம்பி. சோலாரையே இப்ப பூட்டுங்கோ."

அதே பள்ளத்தில் குழாய் பதித்தார்கள். பின்னேரம் திறந்தோம். நல்ல சூடு. மணி கையை நீட்டி நெடுநேரம் நின்றா... விரல்கள் மடங்கவில்லை.

"வெயில் அந்த நாளிலயும் இருந்ததுதானே" என்றா. பைப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டா.