நாங்கள் வைத்தியர்களாக இருந்த மூன்று நாள்

பேத்திக்கு அடுத்த வாரம் ஹைதராபாத்தில் இறகுப்பந்துப் போட்டி. நேற்று சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு கைபேசியில் ஹோட்டல் தேடினாள். மைதானத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், காலைப் பலகாரம் உண்டா, முன்பு தங்கியவர்கள் எத்தனை நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, ஐந்தே நிமிஷத்தில் அறையைப் பிடித்துவிட்டாள்.

"அவ்வளவுதானா கண்ணு? நேர்ல போய்ப் பாக்க வேண்டாமா?" என்றேன்.

"போய் எதைத் தாத்தா பாக்கறது?"

எதைப் பார்ப்பதாம். முதலில் கட்டிலைப் பார்க்க வேண்டும். அதன் ஒரு காலைத் தூக்கித் தொப்பென்று தரையில் போட்டால், மூட்டைப்பூச்சி இருக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும். குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீரா, கிணற்று உப்பா என்று நாக்குக்குத் தெரியும். பக்கத்தில் சினிமாக் கொட்டகை இருந்தால் அறையே வேண்டாம் என்று வந்துவிட வேண்டும். எனக்குப் பெண் பார்த்தபோது அரை மணி நேரத்தில் முடிவு சொன்னவன் நான். கோயமுத்தூரில் லாட்ஜ் பார்க்க எனக்கு ஒரு பகல் முழுக்க ஆகும்.

அறுபதுகளின் தொடக்கம் அது. கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தாவாக இருந்தேன். மில்லுக்கு ஒரு பூப்பந்து டீம் இருந்தது. ஐந்து பேர் ஆட்டம், மாற்று ஆள் இரண்டு. எனக்குப் பேட்டை எந்தப் பக்கம் பிடிப்பதென்றே தெரியாது. இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன் என்பதற்காக என்னை டீம் மேனேஜர் ஆக்கியிருந்தார்கள். முந்தின வருஷம் கோவைப் போட்டிக்கு நான் பிடித்துக்கொடுத்த சத்திரத்தில் ஒரு கல்யாணம். நாதஸ்வரத்தில் ஒருத்தரும் கண்மூடாமல், மறுநாள் முதல் ஆட்டத்திலேயே தோற்று ஊர் திரும்பினோம்.

"இந்த வருசமும் இப்படியே வந்தீங்கன்னா டீமைக் கலைச்சுப்போடலாம்" என்று மில் அதிகாரி சொல்லியிருந்தார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆகவே போட்டிக்கு முதல்நாளே பஸ் ஏறி, ஒப்பணக்கார வீதியையும் அதை ஒட்டிய சந்துகளையும் அலசினேன். எங்கு போனாலும் இடமில்லை. அதே மூன்று நாள் ஊரில் சித்த வைத்தியர்கள் மாநாடாம். நடந்து போகும் தூரத்தில் மைதானம், நல்ல தண்ணீர், கட்டிலில் ஒரு பூச்சி இல்லை என்று கடைசியில் ஒரு லாட்ஜ் அகப்பட்டது. மாடியில் இரண்டு அறை காலி. ஆனால் லாட்ஜ் மேனேஜர் வெங்கடசாமி கையை விரித்தார். ஐம்பது வயதுக்காரர், நல்ல மனிதர், கோபம் வந்தால் மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

"மாநாட்டுக்காரங்க மொத்தமா எடுத்துப்போட்டாங்க. வைத்தியருங்களுக்கு மட்டுந்தானுங்க" என்றவர், என் முகம் போன போக்கைப் பார்த்து, "நீங்களும் மாநாட்டுக்குத்தானுங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்று வாய் சொல்லிவிட்டது. நோட்டில் தொழில் என்றிருந்த கட்டத்தில் 'வைத்தியம், எட்டுப் பேர்' என்று கையும் எழுதிவிட்டது.

சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கிய டீமிடம் விஷயத்தைச் சொன்னேன். காப்டன் பழனிச்சாமி மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை செய்தவர். பெரிய மீசை, குறைந்த பேச்சு.

"ஏனுங் தம்பி, என்னைய வைத்தியராக்கிப்போட்டீங்களா?"

"மூணு நாளைக்குத்தானுங்கண்ணா."

பேட்டுகளை ஒரு வேட்டியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு படியேறினோம். நீளமாக என்ன அது என்று மேனேஜர் கேட்டார். வேருங்க, என்றேன்.

முதல் நாள் ஜெயித்துவிட்டோம். வேர்த்து விறுவிறுத்து, புழுதி முழங்கால்களோடு வந்தவர்களை மேனேஜர் மேலும் கீழும் பார்த்தார்.

"மாநாட்டுல அத்தன வேலைங்களா?"

"மூலிகை பறிக்கத் தொண்டாமுத்தூர்ப் பக்கம் போயிட்டு வந்தோமுங்க."

"அங்க ஆனை எறங்குமாட்டமே."

"அதனாலதானுங்க ஓடியாந்தோம்."

அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவரோ வேட்டியை ஏற்றி, வீங்கிய வலது முழங்காலைப் பழனிச்சாமியிடம் காட்டினார். எட்டுப் பேரில் அவரைத்தான் பெரிய வைத்தியர் என்று முடிவு செய்திருந்தார். பேசாமல் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை நம் ஊரில் பலமானது. பழனிச்சாமிக்கு வேறு வழியில்லை. மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்துக் கண்ணை மூடினார். நாங்கள் சுவரைப் பார்த்து நின்றுகொண்டோம்.

"வாயுங்க" என்றார்.

பிறகு, ஆட்டத்துக்குப் பின் தாங்கள் காலில் தேய்த்துக்கொள்ளும் நீலகிரித் தைலமும் வேப்பெண்ணெயும் கலந்த குப்பியை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டார். மறுநாள் காலை மேனேஜர் இரண்டு மாடி ஏறி வந்தார், எங்களுக்குக் காபியோடு. நாலு மாசத்துக்குப் பிறகு இப்போதுதான் மாடிப்படி ஏறுகிறாராம்.

நாங்கள் அரையிறுதி ஆட்டத்தையும் ஜெயித்துத் திரும்பியபோது லாட்ஜ் வாசலில் சமையல்காரர், அவர் சம்சாரம், சலவைக்காரர், எதிர்க்கடைக்காரர் என்று வரிசை. பழனிச்சாமி ஒவ்வொருவர் கையையும் பிடித்து, வாயு, வாயு என்று சொல்லிக்கொண்டே போனார். அறைக்கு வந்ததும் என்னிடம், "நாளைக்கு ஒண்ணு நான் ஆடோணும், இல்லாட்டி வைத்தியம் பாக்கோணும். ரெண்டும் ஆவாதுங்" என்றார். அவர் முகத்தில் அப்போது சிரிப்பில்லை. பொய்யைச் சொன்னவன் நான், சுமந்தவர் அவர்.

இறுதி ஆட்டம் மூன்றாம் நாள் நாலு மணிக்கு. பகல் சாப்பாட்டின்போது மேனேஜர் வந்து குண்டைப் போட்டார். மாநாட்டுக்காரர்களிடம் எங்கள் வைத்தியரைப் பற்றிச் சொல்லிவிட்டாராம். நாலு மணிக்கு மேடையில் பொன்னாடையாம்.

பின்பக்கப் படி வழியாக இறங்கி ஓடினோம். எங்களை மேடைக்கு அழைத்துப் போக அறைக்கு வந்த மேனேஜர், கட்டிலில் நான் மறந்து வைத்துவிட்டு வந்த போட்டி நோட்டீஸைப் பார்த்திருக்கிறார். அதில் எங்கள் மில் பெயருக்குக் கீழே காப்டன் பழனிச்சாமி என்று அச்சில் இருந்தது.

இரண்டு டீமும் ஆளுக்கொரு ஆட்டம் எடுத்து, மூன்றாவதில் புள்ளிகள் சமமாக இருந்த நேரம். கோட்டோரத்தில் வெங்கடசாமி நின்றார். கையில் சால்வை, பக்கத்தில் மாநாட்டிலிருந்து அழைத்து வந்த ஒரு வயசான வைத்தியர். பழனிச்சாமி பார்த்துவிட்டார். லேசான பந்து, வலையில் அடித்தார். அடுத்ததையும் வலையில் அடித்தார். நடுவரிடம் கையைக் காட்டிவிட்டு, அரைக்கால் சட்டையோடு நேராக மேனேஜரிடம் வந்து கும்பிட்டார்.

"தப்புத்தானுங்க. நான் மில்லுல கூலிக்காரனுங்க."

மேனேஜர் தெலுங்கில் ஏதோ சொன்னார். பிறகு தமிழுக்கு வந்தார். "மொதல்ல ஆடி முடிங்க. மத்தத லாட்ஜுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

இரண்டு புள்ளியில் தோற்றோம். ஆனால் இறுதி ஆட்டம் வரை போன டீமை யாரும் கலைக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் சால்வையை விரித்து என் தோளில் போட்டார். "உங்களாட்டம் கூசாமப் பொய் சொல்றவிங்கள நான் பாத்ததில்லீங்க" என்றார். தண்டனையும் அவரே சொன்னார். லாட்ஜ் வாசலில் இன்றைக்கும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்; ஒவ்வொருவரிடமும் நானே உண்மையைச் சொல்ல வேண்டும்.

சால்வையோடு நின்று சொன்னேன். சலவைக்காரர் சிரித்தார். எதிர்க்கடைக்காரர் திட்டினார். கூட வந்த நிஜ வைத்தியர் படியில் உட்கார்ந்து, எல்லோரையும் இலவசமாகப் பார்ப்பதாகச் சொன்னார். வரிசை அவர் பக்கம் திரும்பியது. சமையல்காரர் சம்சாரம் மட்டும் நகரவில்லை.

"அவரையும் பாக்கறேனுங்க. ஆனா மீசக்காரரு ஒருக்கா கையைப் புடிச்சுட்டுப் போவட்டுங்க. நேத்து நல்லாத் தூங்கினனுங்க."

பழனிச்சாமி பிடித்தார். இந்தத் தடவை வாயு என்று சொல்லவில்லை. "நல்லா இருக்கறீங்கம்மா" என்றார்.

மில்லை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. பழனிச்சாமி போய்விட்டார், ஓய்வு பெறும்வரை மில்லில் அவரை வைத்தியரே என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தச் சந்தில் லாட்ஜ் இருந்த இடத்தைப் போன மாதம் தேடினேன். மூன்று மாடிக்குக் கண்ணாடி போட்ட துணிக்கடை நிற்கிறது. வெயில் தாங்காமல், ஒரு கல்யாணத்துக்காக எனக்கு அறை போட்டிருந்த காந்திபுரம் ஹோட்டலுக்கு வந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பெண் என் ஆதார் அட்டையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டு, சாவி என்று ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கொடுத்தாள்.

என்ன தொழில், என்ன காரியமாக வந்திருக்கிறீர்கள் என்று கேட்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு நல்ல பதில் தயாராக இருந்தது. அவள் கேட்கவே இல்லை.