லூர்துமேரி இறங்காமல் பாடிய சரணம்

போன செவ்வாய்க்கிழமை ஒரு கார்டு வந்தது. தபால்காரர் வழக்கம்போல் அதைக் காசிம் பாய் ஜவுளிக்கடையில் கொடுக்கப் போனார். "இங்க குடுங்க, நானே படிச்சிக்கிறேன்" என்று கை நீட்டி வாங்கினேன். அறுபத்தாறு வயதில் எழுத்துக் கற்றுக்கொள்ளத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. யார் துணையும் இல்லாமல் நான் படிக்கப்போகும் முதல் கார்டு அது. முத்தியால்பேட்டைக் கடைத்தெருவில் நின்று, எழுத்து எழுத்தாக, உரக்கப் படித்தேன். பாதித் தெருவுக்குக் கேட்டிருக்கும். மூன்றாவது வரியில், லூர்துமேரி விஷக்காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று இருந்தது. என் வாய் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு எட்டியது. காசிம் பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்குக் கூடப்போகும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும். புஷ்வண்டி மாணிக்கம். அவரை நான் வாயால் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டேன். எழுத்தில் 'அவர்' என்றே எழுதுவேன். இந்த முதல் பக்கம் முடிய மூன்று நாள் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் நினைத்தது தாளில் வந்து உட்காருவதைப் பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

லூர்துமேரிக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிவிட்டது. கன்னியாஸ்திரீகள் மடத்துத் தையற்கூடத்தில் பூவேலை செய்துவந்தார். கடற்கரைப் பக்கம் இருந்த அந்த மடத்துக்கு முத்தியால்பேட்டையிலிருந்து காலையில் கொண்டுபோய் விடுவதும் மாலையில் திரும்பக் கொண்டுவருவதும் என் வேலை. புஷ்வண்டி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவர் முன்னால் உள்ள கம்பியைப் பிடித்துத் திருப்ப வேண்டும்; நான் பின்னால் நின்று தள்ள வேண்டும். அதனால் நாலு வருஷம் நான் அவருடைய முதுகையும் கொண்டையையும்தான் பார்த்தேன். குரலை மட்டும் முழுதாகக் கேட்டேன்.

அவர் பாட்டுக் கற்றது காசிம் பாய் வீட்டுக் கிராமபோனில். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் பாய் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஜன்னலுக்கு உள்ளே பிளேட்டு சுற்றும். வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே கேட்டுக் கேட்டு ஆறு கீர்த்தனைகளை மனப்பாடம் செய்துவிட்டார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் தையல் ஊசி பிடித்த ஒரு பெண், யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காமல், அத்தனை வளைவுகளையும் தொண்டையில் கொண்டுவந்ததைக் கேட்டு எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஒருநாள் நூல்கண்டு சுற்றி வந்த பத்திரிகைத் தாளில் ஒரு விளம்பரம் கண்டார். நம் பிரெஞ்சு ஊரைத் தாண்டி, பிரிட்டிஷ் எல்லைக்குள் இருக்கும் ஒரு சர்வகலாசாலையில் சங்கீதப் படிப்பு. பெண்களும் சேரலாம். நேரில் வந்து பாடிக்காட்ட வேண்டும். வயது வரம்பு இருந்தது. அந்த வருஷத்தை விட்டால் அவருக்கு வயது தாண்டிவிடும். விளம்பரத்தை எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, "மாமா, இது போச்சுன்னா கண்ணு மங்கற வரைக்கும் பூவேலைதான்" என்றார். தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது.

கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கும் சவரிமுத்துவிடம் பாடிக் காட்டினார். சவரிமுத்துவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பாட்டு முடிந்ததும் அவர் கட்டையை அழுத்திக் காட்டி, "பல்லவி நல்லாயிருக்கு. அனுபல்லவியும் குத்தமில்ல. சரணம் வந்ததும் என்னா தூக்கமா வருது? சுருதியும் இறங்குது, தாளமும் இறங்குது. படிக்கட்டுல இறங்கற மாதிரி ஒய்யாரமா இறங்கிட்டு வர்றே" என்றார். சரணம் என்பது பாட்டின் கடைசிப் பகுதி.

"பிளேட்டுல அப்படித்தான் இருக்கு!" என்று லூர்துமேரி சண்டைக்குப் போனார்.

"அப்ப அந்த வித்துவானும் தூங்கிட்டாரு போல."

நேராகக் காசிம் பாய் வீட்டுக்குப் போனோம். சவரிமுத்துவும் கூட வந்தார். பிளேட்டைப் போட்டார்கள். சரணத்தில் அது இறங்கத்தான் செய்தது. சவரிமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "பாய், சாவி எத்தினி சுத்து குடுப்பீங்க?" என்று கேட்டார்.

"பத்து. அதுக்கு மேல குடுத்தா ஸ்பிரிங் அறுந்துடும். எங்க வாப்பா வாங்கின பெட்டி."

"இன்னிக்கு ஒரு நாளைக்கு முழுசா குடுங்க."

பாய் கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருகினார். ஸ்பிரிங் அறவில்லை. அதே பாட்டு, ஆரம்பித்த இடத்திலேயே நின்று, கடைசிவரை ஒரே நடையில் போய் முடிந்தது. இத்தனை வருஷமும் அவர் கற்றது பாட்டை மட்டுமல்ல, சாவி தீர்ந்துபோகிற பெட்டியின் களைப்பையும் சேர்த்துத்தான். ஆறு பாட்டிலும் அதே கதை.

"யா அல்லா! என் கஞ்சத்தனம் இந்தப் பொண்ணு தொண்டையில போய் உக்காந்துடுச்சே!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். லூர்துமேரி சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும், "மாமா, நாளையிலேர்ந்து ஒரே நடையா தள்ளுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையிலிருந்து வண்டியில் பாடினார். வாயில் வைத்து ஊதும் சின்னச் சுருதிக் குழல் ஒன்றைச் சவரிமுத்து கொடுத்திருந்தார். பாடும் முன் அதை ஊதிக் குரலைச் சேர்ப்பார். முடித்ததும் மறுபடி ஊதிப் பார்ப்பார். இரண்டும் ஒட்டவில்லை என்றால் தோள் தொங்கிவிடும். நான் பின்னாலிருந்து அந்தத் தோளைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். ஒரு கையால் கம்பியைத் திருப்பிக்கொண்டு மறு கையால் தொடையில் தாளம் போட்டபடி போகும் பெண்ணைத் தெரு வேடிக்கை பார்த்தது. "டோய், புஷ்வண்டியில கச்சேரி போவுது! மேளக்காரன் பின்னால தள்ளிக்கினு வர்றான் பாரு!" என்று கத்துவார்கள். "சில்லறை வேணாம், வழி விட்டா போதும்" என்று லூர்துமேரி பதில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பாடுவார்.

இரண்டு வாரத்தில் குரல் இறங்காமல் நின்றது. எனக்கோ பெருமை தாங்கவில்லை, என் காலால்தான் நின்றது என்று. ஆனால் கால்வாய்ப் பாலத்து ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கும். நடை தளரும். அங்கே அவர் குரலும் என்னோடு சேர்ந்து இறங்கிவிட்டது. பாலத்து உச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லிக் குழலை ஊதிப் பார்த்தார். பிறகு திரும்பிப் பார்த்து, "ஒரு கிராமபோனை விட்டுட்டு இன்னொரு கிராமபோனைப் பிடிச்சிக்கினேன் மாமா" என்றார்.

"நான் என்னா பண்ணட்டும் பாப்பா?"

"என்னை ஏமாத்துங்க. ஓடுங்க, நில்லுங்க, ஊர்ந்து போங்க. உங்க இஷ்டம். நான் மாறக்கூடாது."

மீதி இருந்த நாட்களில் நான் செய்த அழிச்சாட்டியத்துக்கு அளவில்லை. மார்க்கெட் கூட்டத்தில் திடீரென்று நிற்பேன். பாடும் நடுவில் நாலு எட்டு ஓடுவேன். ஒருமுறை வேண்டுமென்றே ஒரு பள்ளத்தில் சக்கரத்தை இறக்கினேன், வண்டியே குலுங்கியது. "கொன்னுடுவேன் மாமா!" என்று பாட்டின் நடுவிலேயே கத்தினார். அப்படிக் கத்தும்போதும் தொடையில் தட்டிய கை நடையை விடவில்லை. கடைசி வாரம் பாலத்து ஏற்றத்தில் நான் நாய்போல் இளைத்துக்கொண்டு தள்ளினேன். எனக்கு முன்னால் அந்தக் குரல், தரை மேடானதே தெரியாத மாதிரி, நேராகப் போனது. நான் தள்ளுகிறேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

தேர்வுக்கு அவருடைய தாயாரும் நானும் கூடப் போனோம். ரயில் ஏறி இறங்கக் கைகொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சர்வகலாசாலைத் தாழ்வாரத்தில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். தாயார் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார். நான் கதவோரம் நின்றேன். உள்ளே பாயில் இரண்டு வித்துவான்கள். பக்கத்தில் ஒரு மாணவர் தம்பூரா மீட்டிக்கொண்டிருந்தார்.

லூர்துமேரி பல்லவி பாடினார். அனுபல்லவி பாடினார். இளைய வித்துவான் கையைத் தூக்கி, "போதும்மா, நன்றாக இருக்கிறது. அடுத்தவரை வரச் சொல்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்களே! ஆனால் லூர்துமேரி எழுந்திருக்கவில்லை.

"ஐயா, சரணம் பாடலை."

"தேவையில்லை. வெளியே இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள், பார்."

"நான் சரணத்துல இறங்கிடற ஆளு ஐயா. அதை நீங்க கேக்காம எனக்கு இடம் குடுக்கக்கூடாது. இறங்கினா நான் ஊருக்குப் போயிடறேன்."

கையில் கிடைத்ததைத் தூக்கிப் போடுகிறாரே என்று பதறினேன். தாயார், "என்னா சொல்லுது அது?" என்று என் வேட்டியைப் பிடித்து இழுத்தார். மூத்த வித்துவான், "பாடு" என்றார்.

பாடினார். என் கால் இல்லை, என் வண்டி இல்லை, பாலம் இல்லை. இளைய வித்துவான் அவரைச் சோதிக்க எண்ணியோ என்னவோ, தாளத்தைக் கொஞ்சம் இழுத்துப் போட்டார். லூர்துமேரி அதற்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டு வரி போவதற்குள் வித்துவான் கை லூர்துமேரியின் நடைக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. கடைசிச் சொல்லில் குரல் போய் நின்றபோது அது எங்கே முடிந்தது, தம்பூரா எங்கே தொடங்கியது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தம்பூராக்காரர் மீட்டுவதை நிறுத்த மறந்துவிட்டார்.

"யாரிடம் கற்றுக்கொண்டாய்?" என்று மூத்தவர் கேட்டார்.

"காசிம் பாய் வீட்டுக் கிராமபோன், ஐயா."

"கிராமபோன் சுருதியில் இப்படி நிற்காது, அம்மா."

"அது இளைச்சுப் போயிடும் ஐயா. அது இளைச்ச இடத்துக்கு அப்புறம் நானா கத்துக்கிட்டேன்."

மூத்தவர் சிரித்துவிட்டுப் பக்கத்தில் இருந்த தாளில் லூர்துமேரியின் பெயரை எழுதினார். அன்று எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தத் தாளை எட்டி எட்டிப் பார்த்தேன்.

அங்கேயே படித்து முடித்து, வெளியூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சங்கீத ஆசிரியை ஆனார். மாதம் ஒரு கார்டு எனக்கு வரும். காசிம் பாய்தான் படித்துச் சொல்வார். ஒவ்வொரு கார்டிலும், 'காசிம் பாயைப் போல நல்லவர் உலகத்தில் உண்டா' என்று ஒரு வரி வரும். எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. நான் எழுத்துக் கற்றதற்கு அதுவும் ஒரு காரணம். போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பழைய கார்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். அந்த வரி ஒன்றில்கூட இல்லை. ஆனால் பாய் படிக்காமல் தாண்டிவிட்ட ஒரு வரி இருந்தது: 'இங்கே எல்லோரும் ஆரம்பத்தை அழகாகப் பாடுகிறார்கள் மாமா. நான் பிள்ளைகளுக்குச் சரணத்தை முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.'

அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் கோபத்தைவிட ஆச்சரியம்தான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. 'போதும்' என்று பெரியவர்கள் சொன்ன பிறகும், தான் தவறக்கூடிய இடம் எதுவோ அதைத்தான் கேட்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்குப் பாட வராது. அந்தப் பாட்டின் சொற்கள் தெலுங்கு, பொருளும் தெரியாது. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றுதான். அந்தச் சரணம் எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.