பூங்கா வாசலில் ஒரு வாய் புளிசோறு

திருவள்ளூர்ப் பக்கம் இருந்த கேளிக்கைப் பூங்காவின் வாசலில் பைகளைச் சோதித்த பெண் அவர். தலைக்குப் பெரிதான தொப்பியை அடிக்கடி மேலே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அத்திப்பட்டில் எனக்கு அப்போது ஒப்பந்த வேலை. உள்ளே விற்கும் சாப்பாடு எங்களுக்குக் கட்டாது என்று புளிசோறும் அவித்த முட்டையும் கொண்டுபோயிருந்தோம். மனைவிக்குச் சர்க்கரை நோய். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கிவிடுவாள்.

“சாப்பாடு உள்ள எடுத்துக்கினு போவக்கூடாதுண்ணா. இங்கியே வச்சிட்டுப் போங்க, பசிச்சா வந்து துன்னுங்க,” என்றார் அந்தப் பெண்.

மதியத்துக்கு முன்பே மனைவிக்கு வேர்த்துக் கொட்டியது. பதறிப்போய் அவளை வாசலுக்கு அழைத்து வந்தேன். அவர் எங்களைத் தன் கொட்டகையிலேயே உட்காரவைத்தார். நாலு வாய் சாப்பிடுவதற்குள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“யார் இவங்க? இங்க ஏன் சாப்பிடறாங்க?”

நான் எழப் பார்த்தேன். அந்தப் பெண் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தார்.

“எங்க அக்கா, மாமா சார். ஊர்லேர்ந்து வந்துகிறாங்க.” சோற்றை வாயில் போட்டுக்கொண்டு, “இன்னாக்கா, உப்பே போடல?” என்றார்.

உப்பு சரியாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் போய்விட்டார். அந்தப் பெண் எழுந்து தொப்பியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு அடுத்த பையைச் சோதிக்கப் போனார். எங்கள் பெயரைக்கூடக் கேட்காதவர் எதை நம்பி அப்படிச் சொன்னார் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.