நன்றி, மறுபடியும் வாங்க

ரோண்டா ட்ரெக்ஸ்லருக்கு நாற்பத்தெட்டு வயது. ஒஹாயோவில் நெடுஞ்சாலை ஓரத்து உணவகம் ஒன்றில் இருபது வருடமாகப் பரிமாறுகிறாள். பகலில் முட்டையும் காபியும், சாயங்காலம் சமுதாயக் கல்லூரியில் குற்றவியல் படிப்பு. மாவட்டத்து அவசர அழைப்பு மையத்தில் உட்கார்ந்து, பதறிப்போய் போன் செய்கிறவர்களிடம் பேச வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். விண்ணப்பம் போட்டாயிற்று. சான்றிதழ் கைக்கு வந்தால் வேலை. சான்றிதழுக்கும் அவளுக்கும் நடுவே ஒரே ஒரு பாடம் மலை மாதிரி நின்றது: சம்பவ அறிக்கை எழுதுவது. போன முறை அதில்தான் அவள் மண்ணைக் கவ்வினாள்.

காரணம் வேறொன்றுமில்லை, அவளுக்கு இளகிய மனசு. "சந்தேக நபர், பாவம், காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார் போல" என்று எழுதி வைப்பாள். ஓய்வுபெற்ற சார்ஜெண்ட் ஹாஸ்கின்ஸ்தான் ஆசிரியர். சிவப்பு மையைக் கொட்டிவிடுவார்.

"ட்ரெக்ஸ்லர், அவன் சாப்பிட்டானா இல்லையான்னு ஜட்ஜ் கேட்டாரா?"

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே சார்!"

"தெரிஞ்சத எழுதாதீங்க. பாத்தத மட்டும் எழுதுங்க."

இறுதித் தேர்வன்று வேலை முடிந்து ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து உட்கார்ந்தாள். திடீரென்று கதவு படாரென்று திறந்தது. ஒருவன் உள்ளே பாய்ந்தான், ஹாஸ்கின்ஸின் பையைப் பிடுங்கினான், ஓடியே போனான். வகுப்பு வாயைப் பிளந்தது.

ஹாஸ்கின்ஸ் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "இதான் பரீட்சை. அறிக்கை எழுதுங்க. இருபது நிமிஷம்."

ரோண்டா படிவத்தை முறைத்தாள். பேனாவை எடுத்தாலே 'பாவம்' என்றுதான் வந்தது. ஏப்ரன் பையைத் துழாவினாள். ஆர்டர் எடுக்கும் சிட்டைப் புத்தகம் தட்டுப்பட்டது. சிட்டையில் இரக்கத்துக்கெல்லாம் இடம் கிடையாது. நாலாம் மேஜைக்காரருக்கு மனசு சரியில்லை என்று எழுதினால் சமையல்காரன் கரண்டியாலேயே போடுவான். ஆர்டர் எடுப்பதுபோலவே கடகடவென்று கிறுக்கினாள். சாம்பல் நிறச் சட்டை. பிடுங்கியது இடது கை. வலது ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. வலது முழங்கையில் கடுகுச் சாஸ் கறை. அப்படியே படிவத்தில் ஈயடிச்சான் காப்பி அடித்துக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் ஹாஸ்கின்ஸ் விடைத்தாள்களோடு வந்தார். "நாலு பேரு அவனுக்குத் தாடி வெச்சிருக்கீங்க. ஒருத்தர் அவன் கையில துப்பாக்கியே குடுத்துட்டீங்க. ட்ரெக்ஸ்லர் ஒருத்தர் எழுதினதுதான் அப்படியே சரி. ஆனா..." அவருக்குச் சிரிப்பு முட்டியது. "கடைசி வரிய நீங்களே படிங்க."

ரோண்டா தாளை வாங்கிப் பார்த்தாள். முகம் தக்காளியாகிவிட்டது. அறிக்கையின் அடியில், இருபது வருடமாக ஒவ்வொரு பில்லிலும் எழுதுவதுபோலவே, ஒரு சிரித்த முகத்தோடு: 'நன்றி, மறுபடியும் வாங்க! - ரோண்டா.'

"என் சர்வீஸ்ல திருடனத் திரும்பக் கூப்பிட்ட மொத ரிப்போர்ட் இதான்" என்றார் ஹாஸ்கின்ஸ். "அதுக்கு ஆறு மார்க் கட். தொண்ணூத்தி நாலு!"

வகுப்பு மேஜையைத் தட்டி அமர்க்களப்படுத்தியது. ரோண்டா சந்தோஷத்தில் அழுதாள்.

சனிக்கிழமை காலை உணவகத்தில் நல்ல கூட்டம். ஒன்பதாம் மேஜையில் சாம்பல் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரோண்டாவின் கண் தானாக முழங்கைக்குப் போனது. கறை இன்னும் அங்கேயேதான் இருந்தது.

"அட, நீயா! பையைத் திருப்பிக் குடுத்தியா கண்ணு?"

"குடுத்துட்டேங்க. ஹாஸ்கின்ஸ் உங்க ரிப்போர்ட்டக் காட்டினாரு. மறுபடியும் வாங்கன்னு எழுதியிருந்தீங்களே, அதான் வந்தேன்." அவர் அடையாள அட்டையை மேஜையில் வைத்தார். அவசர அழைப்பு மையத்தின் மேற்பார்வையாளர். "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வேலைக்கு வந்துருங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும். போனை வைக்கிறப்ப யார்கிட்டயும் மறுபடியும் கூப்பிடுங்கன்னு சொல்லிடாதீங்க."

"சரி கண்ணு" என்றாள் ரோண்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.